ஓடைக்கரைத் தெரு, நாற்பத்து மூன்று வீடுகள்

ஜூலை 6, ஞாயிறு

இன்று அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். வந்தவர்கள்: உபதேசியார் சூசையண்ணன், பக்கத்து வீட்டு தெரேஸ் அக்கா, அவர் மருமகள் ரெஜினா, ரெஜினாவின் கைக்குழந்தை, கடைசி வீட்டு மதலேன் அம்மாள், கொத்தனார் பவுலின் தம்பி, பெனிட்டா அப்பா, மகள் பெனிட்டா, நான். ஆக ஒன்பது பேர். பங்குச்சாமி வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

தெருவுக்கு ஒரு செபக்குழு, மாதம் ஒரு வீட்டில் கூட்டம். வந்தவர் பெயரை எழுதிவைப்பது பதினாறு வருஷமாக என் பொறுப்பு.

வாசகம் முடிந்ததும் நன்றி செபம் பெனிட்டாவுக்காக. அரசு நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் வந்திருக்கிறது. மிகவும் பிற்பட்டோர் பட்டியலில் கிடைத்த இடம். ஆகஸ்ட் 8 மாலை ஐந்து மணிக்குள் எல்லாச் சான்றும் கொடுத்துவிட வேண்டும். ஒன்றுதான் பாக்கி, சாதிச் சான்று. ஆறாம் வகுப்பில் வாங்கியது பழைய தாள், அது செல்லாதாம். கம்ப்யூட்டரில் எடுத்த புதியது வேண்டும்.

தெரேஸ் அக்கா பெனிட்டாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையால ஊசி போட்டா நான் ரெண்டு நாளைக்கு உக்கார முடியாதே" என்றார். சுக்குக் காப்பி எட்டு டம்ளர் போட்டேன், சரியாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

இ-சேவை மையத்தில் மனு பதிந்தாயிற்று. தாலுகா கருங்காடு, கிராமம் கீழ்மருதூர், ஓடைக்கரைத் தெரு, கதவு எண் 17. பத்து நாளில் வரும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். மனு எண்ணை இந்த நோட்டின் அட்டையில் எழுதியிருக்கிறேன்.

கோவில் பீடத்துணி மூன்று, கஞ்சி போட்டுக் காய வைத்தேன். இந்த வாரம் என் முறை.

ஜூலை 15, செவ்வாய்

மனு தள்ளுபடி. பெனிட்டா போனில் வாசித்துச் சொன்னாள். இந்தக் குடியிருப்பு இந்தக் கிராமத்தைச் சேர்ந்தது அல்ல என்று இருக்கிறதாம். இருபத்து மூன்று வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். என் மாமனார் காலத்தில் கட்டிய வீடு.

ஏதோ தவறுதலாக அழுத்திவிட்டார்கள் என்று நினைத்தோம்.

ஜூலை 16, புதன்

கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவர் சொன்னதை விளங்கிய வரை எழுதிவைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது எந்த ஊர் எந்த மாவட்டம் என்று ஒரு பட்டியல் தயார் செய்தார்கள். அதற்கு 2011 மக்கள் தொகைக் கணக்குப் புத்தகத்தைத்தான் ஆதாரமாக எடுத்தார்கள். அந்தப் புத்தகத்தில் எங்கள் தெரு கீழ்மருதூரில் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், இலந்தைவிளை ஊரோடு சேர்த்து எழுதியிருக்கிறது. இலந்தைவிளை நல்லமங்கலம் தாலுகா. 2011-இல் இரண்டு தாலுகாவும் ஒரே மாவட்டம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பிரித்தபோது நல்லமங்கலம் புது மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் தெருவும் தாளில் அதோடு போய்விட்டது. அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறியது போன வருஷம்தான். அதற்குள் சான்று வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

"பட்டா எங்கிட்ட இருக்கு, ரேஷன் எங்கிட்ட இருக்கு, ஓட்டு எங்கிட்ட இருக்கு. உங்க நாப்பத்து மூணு வீட்டு ஆள்கள் மட்டும் அங்க இருக்கீங்கம்மா" என்றார். சிரிக்கவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு, 2011-இல் உங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க யார் வந்தது என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். பெனிட்டா அப்பா என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

வரும் வழியில் கறிவேப்பிலை, இஞ்சி.

ஜூலை 18, வெள்ளி

நல்லமங்கலம் தாலுகா ஆபீஸ். இரண்டு பஸ். ஒன்பதே முக்காலுக்குப் போய், கூப்பிட்டது இரண்டு மணிக்கு. உட்கார்ந்திருந்த நேரத்தில் செபமாலை மூன்று முறை சொல்லி முடித்தேன்.

மேசையில் இருந்த அம்மா எங்கள் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவரி கருங்காடு தாலுகா. நான் எப்படிக் கொடுக்க முடியும் என்றார். பட்டியலைச் சொன்னோம். பட்டியல் இருக்கட்டும், வீடு எங்கே இருக்கிறது என்றார்.

பெனிட்டா அப்பா, எப்படியாவது ஒரு சான்று போட்டுத் தாருங்கள் என்று கும்பிட்டார். இவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த அம்மா குரலை இறக்கி, "அண்ணாச்சி, நான் போட்டுத் தந்தாலும் உங்களுக்கு ஆகாது. உங்க சமூகத்துக்கு கருங்காடு தாலுகாலதான் மிகவும் பிற்பட்டோர். ஓடைக்கு இந்தப் பக்கம் வெறும் பிற்பட்டோர். அந்த சீட்டு நிக்காது" என்றார்.

ஆக, இடம் நிற்க வேண்டுமானால் சான்று கருங்காட்டில்தான் வாங்க வேண்டும். கருங்காட்டில் நாங்கள் இல்லை.

பெனிட்டா வீட்டில் புளிக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து மூடி வைத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்கு இலந்தைவிளை போனோம். எங்கள் கோவில் அங்கேதான். ஞானஸ்நானம் அங்கே, கல்யாணம் அங்கே, கல்லறைத் தோட்டமும் அங்கே. எங்கள் தெருவில் யாரிடம் ஊர் கேட்டாலும் இலந்தைவிளை என்றுதான் சொல்வார்கள். கீழ்மருதூரில் எங்களுக்கு ரேஷன் கடையைத் தவிர ஒன்றும் கிடையாது.

பூசை முடிந்து பிலோமினா டீச்சரைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கணக்கெடுப்பு 2011-இல் அவர்தான் செய்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், கண்ணில் ஆப்பரேஷன். பழைய கதை பலவும் பேசினார். வயதாகிவிட்டது, எல்லாமே சரியாக ஞாபகம் இருக்கும் என்று சொல்ல முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கா அடைக்கலம்?" என்றார். வெயில் அதிகமாக இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. உளுந்து ஊறப் போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

கோட்டாட்சியர் அலுவலகம். ஒரு பெரிய அதிகாரி, தலை நரைத்தவர், நிற்க வைத்துப் பேசினாலும் நன்றாக விளக்கினார். மக்களை எண்ணுகிறவர்கள் வரைந்த எல்லை வேறு, ஊரை ஆளுகிறவர்கள் வரைந்த எல்லை வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு மட்டும் விலகிவிட்டது.

அதைச் சரிசெய்யக் கூடாதா ஐயா என்று கேட்டேன். 2011 புத்தகத்தை இனி யாரும் திருத்த முடியாதாம், அச்சாகிப் போன கணக்கு அது. மாவட்டப் பட்டியலைத் திருத்தலாம், ஆனால் அதற்கு மேலிடத்து ஆணை வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு வரப்போவதால் எந்த எல்லையையும் தொடக் கூடாது என்று இப்போது உத்தரவு இருக்கிறதாம். அது முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார். எப்போது முடியும் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

திங்கள்கிழமை கலெக்டர் மனு வாங்குவார், அங்கே கொடுத்துப் பாருங்கள் என்றார். தவறு எப்படி நடந்தது என்று தெளிவாக எழுதச் சொன்னார். அது இருந்தால்தான் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பவுலின் தம்பி மகனுக்கும் அடுத்த வருஷம் சான்று வேண்டும். மதலேன் அம்மாள் பேரனுக்கு ராணுவத்தில் சேர அது வேண்டும். சாயந்திரம் எங்கள் வாசலில் பதினொரு பேர் வந்து நின்றார்கள். கீழ்மருதூர்க்காரர்கள்தான் வேண்டுமென்றே தள்ளிவிட்டார்கள் என்று பவுலின் தம்பி சொன்னார். அப்படியும் இருக்கும் என்று சிலர் தலையாட்டினார்கள். நான் டம்ளர்களை எடுத்து வைத்தேன்.

தெரேஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் நிற்காது. "பிள்ளைய வெள்ளச் சட்டை போட்டுப் பாக்கலாம்னு இருந்தோம். எந்தக் கை எழுதுச்சோ, அந்தக் கை விளங்குமா?" என்றார்.

அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். சூடு அதிகம் என்று ஆற்றித் தரச் சொன்னார். ஆற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று எழுதிவிடுகிறேன்.

2011 பிப்ரவரி. லூர்து மாதா திருநாள் முடிந்த வாரம். பிலோமினா டீச்சரின் எல்லை ஓடையோடு முடிந்துவிடும். ஆனால் அவர் ஓடையைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தார். பங்கு மக்களை எல்லாம் ஒரே ஊரில் எழுதினால் நம் கோவிலுக்கும் ஊருக்கும் ஒரு மதிப்பு இருக்கும் என்று அப்போதைய பங்குச்சாமி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். டீச்சருக்கு வீடு வீடாக ஏற முடியவில்லை, முட்டி வலி. அன்பியக் குறிப்பு எழுதுகிறவள் நான்தானே, எனக்குத் தெருவில் எல்லாரையும் தெரியும். டீச்சர், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் எழுதினேன். நாற்பத்து மூன்று வீடு, ஆண் எண்பத்து ஏழு, பெண் தொண்ணூற்று நாலு. வயது, படிப்பு, தொழில். சிவப்பு மையில் கோடு. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். மீதி எழுத்தெல்லாம் செபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கற்றது. டீச்சர் தாளைக் கையில் வாங்கி, பெரிய பரீட்சை எழுதினவர்கள்கூட இப்படி எழுத மாட்டார்கள் என்றார். அதை அப்படியே பாரத்தில் ஏற்றிவிட்டார். என் எழுத்தை ஒருவர் கணக்கில் எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுவாரம் கீழ்மருதூரிலிருந்து இன்னொரு ஆள் கணக்கெடுக்க வந்தார். தெருமுனையில் நான்தான் நின்றேன். எழுதியாச்சு என்றேன். எங்கே என்று கேட்டார். எங்கள் ஊரில் என்றேன். அவர் சந்தேகப்பட்டு இன்னும் நாலு வீட்டில் கேட்டார். எழுதியாச்சு என்று அவர்களும் சொன்னார்கள். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

யாரும் எங்களைத் தள்ளிவிடவில்லை.

ஆகஸ்ட் 1, முதல் வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். புதுப் பங்குச்சாமி சின்னவர், பொறுமையாகக் கேட்டார். இது பாவம் இல்லை அம்மா, தெரியாமல் நல்ல எண்ணத்தோடு செய்தது என்றார். ஞாபகம் இல்லை என்று சொன்ன பொய்க்கு மட்டும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

பாவமாக இருந்திருந்தால் அங்கேயே இறக்கி வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். மனுவை நான்தான் எழுதினேன். 'கணக்கெடுப்பில் ஏற்பட்ட தவறுதலால்' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

மனு பதியும் இடத்தில் இருந்தவர் வாசித்துவிட்டு, தவறுதல் என்றால் யார் செய்தது, எப்படி என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் பெனிட்டா அப்பா முந்திக்கொண்டார். "தெரு சார்பா நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் சார். படிக்காத ஆளு" என்றார். இவர் எட்டாம் வகுப்பு.

பஸ்ஸில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "மூணு நாள் சோறு ஆறிப்போய்க் கெடந்துச்சு, நீ எழுதிக்கிட்டு இருந்த. எனக்குத் தெரியாதா?" என்றார். 

மனு எண் பதிந்து சீட்டு கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

போனில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. பெனிட்டா கல்லூரிக்குப் போன் செய்து தவணை கேட்டாள். கொடுக்க முடியாது என்றார்கள்.

சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஐந்து மணி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

இடம் போய்விட்டது. ஒரு வழி மட்டும் இருக்கிறது என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். சேராமல் விட்டுப்போன இடங்களை ஆகஸ்ட் 29-இல் மறுபடி நிரப்புவார்களாம். அன்றைக்குள் சான்று இருந்தால் கேட்கலாம், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்றார்களாம்.

பெனிட்டா காலையில் தலைக்குக் குளித்தாள், துணி துவைத்தாள், தெரேஸ் அக்கா பேரக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அழுதால்கூட ஏதாவது சொல்லித் தேற்றலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். பருப்பு அரித்துக்கொண்டிருந்தேன், முகம் பார்க்கத் தேவையில்லாத வேலை.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எம்மா, அந்தத் தாள்ல நம்ம வீடு எத்தனாவது?" என்று கேட்டாள்.

பதினேழாவது என்றேன்.

"எம் பேரு?"

மூன்றாவது பேர், வயது மூன்று, படிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன் என்றேன்.

"நீங்க எழுதுனதுதான அவங்ககிட்ட இருக்கு? அப்ப நீங்களே மாத்தி எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா வாங்கிக்கிடத்தான செய்வாங்க?" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நடக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். பதினேழு வயது.

அரித்த பருப்பை மறுபடி அரித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்குப் போனேன். மாதா சுரூபத்தின் முன்னால் நின்றபோது ஆகஸ்ட் 29 என்ற தேதி மட்டும்தான் வாயில் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தெரு முழுவதையும் வரச் சொல்லிச் சூசையண்ணன் சொல்லி அனுப்பினார். கலெக்டருக்கு மறுபடி நான் எழுதிய மனுவில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். அதற்கு முன்னால் மனுவை வாசிக்க வேண்டும். நான்தான் வாசித்தேன். 'அந்தப் பட்டியலை எழுதியவள் நான்' என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். பெனிட்டா என் கையிலிருந்து தாளை வாங்கி மீதியை வாசித்தாள்.

கீழ்மருதூர்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த பவுலின் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதலேன் அம்மாள் முதலில் எழுந்து வந்து ரேகை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

தெரேஸ் அக்கா பேனாவை வாங்கி, கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்விட்டார். ரெஜினா போய்க் கூப்பிட்டாள். "நான் சொன்ன சொல்ல எப்படிடி திருப்பி எடுக்கது?" என்று உள்ளேயிருந்து கேட்டது. அவர் வரவில்லை. அவர் வீட்டுக்கு ரெஜினா கையெழுத்துப் போட்டாள். ஆக நாற்பத்து மூன்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று கொடுத்த மனுவின் நகல்:

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கருங்காடு தாலுகா, கீழ்மருதூர் கிராமம், ஓடைக்கரைத் தெரு, கதவு எண் 17-இல் வசிக்கும் இன்னாசி மனைவி அடைக்கலமேரி எழுதிக்கொண்டது.

4-ஆம் தேதி கொடுத்த மனுவில் என் கணவர்தான் மாற்றிச் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. அது சரியல்ல. 2011 கணக்கெடுப்பில் எங்கள் தெருவின் 43 வீடுகளையும் 181 பேரையும் இலந்தைவிளை ஊரோடு சேர்த்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தவள் நான். கீழ்மருதூரிலிருந்து முறைப்படி வந்தவரைத் திருப்பி அனுப்பியவளும் நான். எங்கள் கோவில் இலந்தைவிளையில் இருப்பதால் அதுதான் எங்கள் ஊர் என்று எழுதினேன். கோவில் எந்த ஊரோ அதுதான் ஊர் என்று அரசாங்கமும் நினைக்கும் என்று நம்பினேன். கணக்கெடுத்த ஆசிரியை மீது தவறு இல்லை, தெருவில் உள்ளவர்கள் மீதும் இல்லை. இதற்கு என்ன தண்டனை உண்டோ அதை எனக்குத் தரலாம்.

எங்கள் பட்டா, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி எல்லாம் கீழ்மருதூரில் உள்ளன. நகல்கள் இணைத்துள்ளேன். எல்லையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நாங்கள் எங்கே குடியிருக்கிறோமோ அங்கே இருப்பதாக ஒரு சான்று கேட்கிறேன். என் மகள் பெனிட்டா நர்சிங் படிக்க வேண்டியவள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவள் இடம் போய்விட்டது. 29-ஆம் தேதி மறுபடி கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பதில் அவளுக்கு உதவாது.

முடியும் என்றாலும் முடியாது என்றாலும், 29-ஆம் தேதிக்கு முன் எங்களுக்குப் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.